விருந்துக்குரியது கரை, விற்பனைக்குரியதன்று!

வீட்டைத் திறந்துவைத்து விருந்தினரை வரவேற்பது வேறு; வீட்டையே விற்றுவிட்டு, அதன் வாயிலில் கூலிக்குக் காவல் நிற்பது வேறு. முன்னது தமிழரின் பண்பு. பின்னது தமிழரின் வீழ்ச்சி. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள காலாப்பட்டின் கரை, இவ்விரண்டனுள் எதனை எய்தப் போகின்றது என்பதே இன்று எண்ணிப் பார்த்தற்குரிய வினாவாகும்.

பெரிய காலாப்பட்டு, சின்னக் காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி, கனகசெட்டிக்குளம் என மீனவர் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்த கரை அது. 1985-இல் நிறுவப்பெற்ற புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் அங்கேதான் உள்ளது. விடுமுறை நாள்களில் சென்னையிலிருந்து வரும் உந்துவண்டிகள் அவ்வழியே அணிவகுக்கின்றன. கடலையும் மணலையும் காற்றையும் நாடி வருவோரைக் குறைகூறுதற்கில்லை. ஆனால் வருவோர் எவர் வீட்டுக்கு வருகின்றனர்? அவ்வீட்டுக்கு உரியவர் எவர்? இவை தெளிவாதல் வேண்டும்.

ஊர்சுற்றிக் காண்பதும், வழிப்போக்கரை ஓம்புவதும் வெள்ளையரிடமிருந்து தமிழர் கற்றுக்கொண்டவை அல்ல. முன்சென்று கண்டவன், பின்வருவானுக்கு வழியும் ஊரும் உணவும் எடுத்துரைத்து ஆற்றுப்படுத்துவதற்கென்றே ஓர் இலக்கிய வகை கண்ட இனம் தமிழினம். அவ்வகையுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை காட்டும் வழி, காலாப்பட்டுக்கு மிக அணித்தான நிலத்திலேயே செல்கின்றது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைக் காணச் செல்லும் பாணன் முதலில் அடைவது எயிற்பட்டினம். அஃது இற்றை மரக்காணமே என்பர் அறிஞர். அங்கே நெய்தல் நில மக்கள் சுட்ட மீன் தருகின்றனர். வேலூரில் புளிச்சோறு கிடைக்கின்றது. ஆமூரில் உழவர் வீட்டில் நண்டுக் கலவையொடு வெண்சோறு கிடைக்கின்றது. ஒவ்வோர் ஊரும் தன் நிலத்தில் விளைந்ததை, தன் கையால் ஆக்கி, தன் பெயராலேயே வழங்குகின்றது. விருந்தினன் பசியாறிச் செல்கின்றான். ஊர் ஊராகவே இருக்கின்றது. இக்காலத்தார் 'நிலைத்த சுற்றுலா' எனப் புதிதாய்க் கண்டதுபோல் உரைப்பதன் உட்பொருள் இதுவன்றி வேறென்ன?

இன்று நடப்பதோ இதற்கு நேர்மாறானது. முதலிற் பறிபோவது ஊர்ப்பெயர். புதுச்சேரிக்குத் தெற்கே சின்ன வீராம்பட்டினத்துக் கடற்கரை 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. தூய்மைக்காகக் கிடைத்த அச்சான்று பாராட்டுக்குரியதே. ஆயின் அக்கரை உலகுக்கு அறிமுகமானது 'ஈடன்' என்ற பெயரால். சுண்ணாம்பாற்று முகத்துவாரத்து மணற்பரப்பு 'பாரடைசு' ஆயிற்று. தந்திராயன்குப்பத்துக் கரை 'செரினிட்டி' ஆயிற்று. பெயரில் என்ன இருக்கின்றது என்பாரும் உளர். பெயரில் உரிமை இருக்கின்றது. தந்திராயன்குப்பம் என்னும்போது, அது ஒரு குப்பம், அங்கே மாந்தர் வாழ்கின்றனர், அவர்தம் வலையும் படகும் அம்மணலில் கிடக்கும் என்பதெல்லாம் அப்பெயரிலேயே விளங்கும். அயற்பெயர் சூட்டியவுடன் அம்மக்கள் மறைந்துபோகின்றனர். எஞ்சுவது உரிமையாளர் இல்லாத வெறும் மணல். உரிமையாளர் இல்லாத மணலை வளைத்துக்கொள்வது எளிதன்றோ? காலாப்பட்டுக்கும் அயற்பெயர் சூட்டப்படும்முன் தமிழர் விழித்துக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவதாகப் பறிபோவது மணல். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரியின் தெற்கே துறைமுகத்திற்காகக் கடலுள் கல்லணைகள் கட்டப்பெற்றன. இக்கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதியும் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திச் செல்லும். அவ்வோட்டத்தைக் கல்லணை தடுத்தது. தென்புறம் மணல் மேடிட்டது. வடபுறம் மணலின்றிக் கரை தேய்ந்தது. நகரைக் காக்கக் கற்களைக் கொட்டினர். அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது. அங்கும் கல்லும் தூண்டில் வளைவும் இட்டனர். அஃது இன்னும் வடக்கே நகர்ந்தது. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக மீனவர் ஊர்கள் கரையை இழந்தன. 2018-இல் கடலடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பின்னரே நகரின் முன்னே மணல் ஓரளவு மீண்டது. ஓரிடத்தில் ஆராயாது எழுப்பும் கட்டுமானத்துக்குப் பிறிதோர் இடத்து ஏழை விலை கொடுக்கின்றான் என்பதே இதன் பாடம்.

மணல்மேட்டைச் சமன்செய்து விடுதி கட்டுவதும் அத்தகைய பிழையே. அடும்பும் இராவணன்மீசையும் படர்ந்த மணல்மேடு வீண்நிலம் அன்று. புயற்காலத்தும் பேரலைக் காலத்தும் ஊருக்கு முன்னின்று காக்கும் அரண் அது. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலையையும், 2011 திசம்பரில் தானே புயலையும் கண்ட கரைக்கு இதனை எடுத்துரைக்கவும் வேண்டுமோ? தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி முட்டையிடும் பங்குனியாமைக்கும் அம்மணலே பிறப்பிடம். விடுதிகளின் பேரொளி வீசினால், பொரித்து வெளிவரும் குஞ்சுகள் கடலெனக் கருதி அவ்விளக்கை நோக்கிச் சென்று மாளும். இந்நிலையில், மக்கள் செறிந்த ஊரகக் கரையோரங்களில் கட்டுமானத் தடையெல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராக 2019-ஆம் ஆண்டின் நடுவணரசு அறிவிக்கை குறுக்கியமை எவருக்கு நன்மை பயப்பது? ஊராரின் வீட்டுத் தேவை ஒரு கரணியமாகக் காட்டப்பெறலாம். திறந்துவிட்ட கதவின் வழியே முதலில் நுழைபவர் பொருள் மிக்கவரே என்பதை மறத்தல் ஆகாது.

"சுற்றுலா வந்தால் வேலை வருமே, அதனைத் தடுப்பதா?" என்று வினவுவர். நல்ல வினா; தட்டிக்கழிக்கத் தக்கதன்று. மீன்வளம் குன்றிவரும் நாளில் மீனவர் இளைஞர்க்கு வேறு பிழைப்பும் வேண்டும். ஆனால் எத்தகைய வேலை என்பதன்றோ கேள்வி! தன் பாட்டன் வலை உலர்த்திய இடத்தில் எழுந்த விடுதியில், அயலான் தந்த உடுப்பணிந்து, அயல்மொழியில் வணக்கம் கூறி, பிறர் உண்ட தட்டைக் கழுவுவதும் வேலைதான். தன் படகில் விருந்தினரை ஏற்றி, கொண்டல் எது, கச்சான் எது, எந்த நீரில் எந்த மீன் படும் என்று தன் மொழியில் எடுத்துரைத்து, தன் வீட்டில் சோறிட்டுப் பொருள் பெறுவதும் வேலைதான். முன்னதில் அவன் ஏவலன். பின்னதில் அவன் ஆசான். பின்னதற்கு வழிசெய்வதே அரசின் கடமை.

வழி இல்லாமலில்லை. ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடையுள்ளது. பள்ளி விடுமுறையின் பெரும்பகுதி அந்நாள்களுள் அடங்குகின்றது. மீனவர் வருவாயின்றி இருக்கும் காலமும், மக்கள் ஊர்சுற்ற விழையும் காலமும் ஒன்றாயிருத்தல் எத்துணை நல்வாய்ப்பு! காலாப்பட்டுக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு பழங்காலக் கரையோரக் காட்டின் எச்சமாய் நிற்கின்றது. இன்னும் வடக்கே, 2021-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பெற்ற கழுவெளி ஏரி உள்ளது. நடந்தும் மிதிவண்டியிலும் சென்று காணத்தக்க இவற்றுக்கு ஊரிளைஞரே வழிகாட்டலாம். கோயிற்காடு வழிபாட்டிடம், கூத்தடிக்கும் இடமன்று என்பதையும் அவர்களே வருவோர்க்கு உணர்த்துவர். பல்கலைக்கழகத்தில் சூழலியலுக்கும் சுற்றுலாவுக்கும் தனித்தனித் துறைகள் உள்ளன. அவற்றின் கல்வி மதிற்சுவரைத் தாண்டிக் குப்பத்துக்கு வருமாயின், அதனினும் பெரிய பட்டம் வேறில்லை.

இது நடவாத கனவும் அன்று. கேரளத்தின் குமரகத்தில் 2008-ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்ற பொறுப்புச் சுற்றுலா முயற்சியால், விடுதிகள் தமக்கு வேண்டும் காய்கறிகளை ஊர்ப் பெண்டிர் குழுக்களிடமிருந்து வாங்கலாயின. ஓலை முடைதலும் கயிறு திரித்தலும் ஊராராலேயே வருவோர்க்குக் காட்டப்பெற்றன. சேரநாட்டார் செய்ததைச் சோழமண்டலக் கரையார் செய்ய இயலாதோ?

இயலும், ஆனால் முடிவு செய்யும் உரிமை ஊருக்கு வேண்டும். காலாப்பட்டோ தமிழ்நாட்டு நிலத்தால் சூழப்பெற்ற புதுச்சேரித் துண்டு. பிரெஞ்சு ஆட்சி வகுத்த எல்லைக்கோடு, 1954-இல் அவ்வாட்சி அகன்ற பின்னும் அகலவில்லை. கடலுக்கு அக்கோடு தெரியாது, மணலுக்கும் தெரியாது, ஈரிடத்தும் வாழும் ஒரே மக்களுக்கும் அது பொருளற்றது. ஆயினும் கரைகாக்கும் திட்டம் மட்டும் கோட்டுக்கு இப்பால் ஒன்றாகவும் அப்பால் ஒன்றாகவும் தீட்டப்பெறுகின்றது. உள்ளாட்சியின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. புதுச்சேரியில் 1968-க்குப் பின் 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. அவ்வுறுப்பினரின் காலம் 2011-இல் முடிந்தபின், பத்தாண்டுக்கு மேலாகத் தேர்தலின்றியே கழிந்தது. தன் கரையைப் பற்றித் தானே பேச அவையில்லாத ஊர், யாங்ஙனம் தன் கரையைக் காக்கும்?

ஆகவே வேண்டுவன இவை: உள்ளாட்சி மன்றங்கள் உயிர்பெறுக! கரையில் எக்கட்டுமானமும் மீனவர் ஊர்க்கூட்டத்தின் ஒப்புதலின்றி எழாதிருக்க! இருபுறத்து அரசுகளும் ஒருங்கமர்ந்து ஒரே கரைத்திட்டம் வகுக்க! சுற்றுலாப் பலகைகளில் ஊரின் தமிழ்ப்பெயரே முதலிடம் பெறுக!

தமிழ்ப்பற்றாளர் செய்யத்தக்கதும் உண்டு. விடுமுறைக்கு அக்கரைக்குச் செல்வோர் ஊர்ப்பெயரைக் கேட்டறிந்து அப்பெயராலேயே வழங்குக! ஊரார் கையால் ஆக்கிய சோற்றை உண்டு, உரிய விலை கொடுக்க! கொண்டுசென்ற நெகிழியைத் திரும்பக் கொண்டுவருக! விருந்தோம்பல் எத்துணை உயரிய அறமோ, நல்விருந்தினராய் நடத்தலும் அத்துணை உயரிய அறமே. வீட்டுக்காரனும் விருந்தினனும் தத்தம் அறம் காத்தால், காலாப்பட்டின் மணல் வலைக்கும் இடந்தரும், ஆமைக்கும் இடந்தரும், வழிப்போக்கனுக்கும் நிழல் தரும். கரை ஊராருடையது. விருந்துக்கு வருக, விலைபேச வாரற்க!