விடை சரி, பிறகேன் புள்ளடி?



போன கிழமை தரம் 5 கொப்பிகள் திருத்தும்போது எங்கள் கையாலேயே ஒரு தவறு நடந்தது. கணக்கு 34 × 27. ஒரு பிள்ளை நாங்கள் படிப்பித்தபடி செய்யாமல், பெட்டி கீறி, அதற்குள் சாய்கோடு கீறி, 918 என்று எழுதியிருந்தது. விடை சரி. ஆனாலும் "முறை பிழை" என்று சிவப்புப் பேனையால் புள்ளடி போட்டுவிட்டோம்.

அடுத்த நாள் பிள்ளையின் உம்மா வந்தார். "சேர், விடை சரிதானே? பிறகேன் பிழை?" எங்களிடம் பதில் இருக்கவில்லை.

பிள்ளையையே கேட்டோம். வெளிநாட்டில் படித்தபோது பழகியதாம். நாலு கட்டம். மேலே 3, 4. வலப்பக்கம் 2, 7. ஒவ்வொரு கட்டத்திலும் சாய்கோட்டுக்கு மேலே பத்து, கீழே ஒன்று: 06, 08, 21, 28. பிறகு வலது கீழ் மூலையிலிருந்து சாய்வாகக் கூட்ட வேண்டும். முதலில் 8. அடுத்து 8, 2, 1 சேர்ந்து 11. 1 எழுதி 1 மனதில். அடுத்து 6, 2, மனதில் இருந்த 1, ஆக 9.

இது புது விளையாட்டு இல்லை. சமர்கந்தில் இருந்த அல்-காஷி 1427இல் முடித்த 'மிப்தாஹுல் ஹிஸாப்' நூலில் இந்த முறை இருக்கிறது. 1478இல் இத்தாலியின் திரெவிசோவில் அச்சான கணக்குப் புத்தகத்திலும் இருக்கிறது. எங்கட ஆட்கள் என்று பெருமையடிக்கச் சொல்லவில்லை. இந்தியாவிலும் சீனாவிலும்கூடப் புழங்கிய முறைதான். அறுநூறு வருடப் பழைய வழிக்குப் புள்ளடி போட்டிருக்கிறோமே என்பதுதான் வெட்கம்.

அந்த உம்மா இன்னொன்றும் காட்டினார். தரம் 8உடன் படிப்பை விட்டவர். 7 × 8க்கு ஒரு கையில் 2 விரல், மறு கையில் 3 விரல் நிமிர்த்தினார், அதாவது 5க்கு மேல் உள்ளவை. நிமிர்ந்தவை 5, அது ஐம்பது. மடங்கியவை 3, 2, பெருக்கினால் 6. ஆக 56. அவருடைய மூத்தம்மா காட்டியதாம். கலாசாலையில் எங்களுக்கு இதை யாரும் காட்டவில்லை.

யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் வாய்ப்பாட்டில் உடைவது 6க்குப் பிறகுதான். மேசைக்குக் கீழே விரலை மறைத்து எண்ணுகிற பிள்ளைக்கு ஏச்சு விழுகிறது. அதே விரலால் 9 × 9 வரை போகலாம். ஐந்தாம் வாய்ப்பாடு வரை தெரிந்தால் போதும்.

பெட்டி கீற நேரம் போகும், பரீட்சைக்கு வழமையான முறை தேவை என்பது உண்மை. அதை நாங்களும் விடப்போவதில்லை. ஆனால் 34ஐ 30, 4 என்றும் 27ஐ 20, 7 என்றும் பிரித்தால் 600, 80, 210, 28. வழமையான முறை இந்த நாலையும் இரண்டு வரிக்குள் ஒளிக்கிறது, பெட்டி வெளியே வைக்கிறது. இதையே "மாயக் கணக்கு" என்று காசுக்கு விற்கிற டியூஷன்களை நம்பாதீர்கள். ஏன் சரி வருகிறது என்று சொல்லாவிட்டால் அதுவும் இன்னொரு மனப்பாடம்தான்.

அந்தக் கொப்பியைத் திரும்ப வாங்கி, புள்ளடியை வெட்டிச் சரி போட்டோம். ஆசிரியச் சகோதர சகோதரிகளே, தவணைப் பரீட்சைத் தாள்கள் வரப்போகின்றன. பெட்டி கீறிய விடை கண்டால், பேனையை வைக்க முன் அந்தப் பிள்ளையை ஒருக்கால் கூப்பிட்டுக் கேளுங்கள்.