பழைய வண்டியும் புதிய மூடியும்



ரயில்வே குமாஸ்தாவுக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர்கள் கேட்கக் கூடும். எங்கள் சக்குபள்ளத்திற்கு ரயில் கிடையாது. இடுக்கி ஜில்லா முழுவதிலுமே ரயில் பாதை கிடையாது. தேனியில் டிக்கெட் கொடுக்கும் நான், விடுமுறை நாட்களில் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறித்தான் பெற்றோரைக் காணச் செல்கிறேன். ஆகவே இம்மாதம் ஒரு பழைய புல்லட் வண்டியின் கதையைச் சொல்கிறேன். என் பிழையும் அதில் அடக்கம்.

ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் தந்தையார், 1988-இல் பிறரிடமிருந்து வாங்கிய வண்டி அது. பல ஆண்டுகளாகத் தார்ப்பாயின் கீழ்த் துருவேறிக் கிடந்தது. எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்செழுந்தபோது, தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு அவர் உணவு கொள்ளவுமில்லை. அதைக் கண்ட பின்னரே வண்டியைச் செப்பனிடுவது என்று தீர்மானித்தேன்.

புல்லட்டின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 1950-களின் தொடக்கத்தில் நமது ராணுவம் இவ்வண்டிகளை இங்கிலாந்திலிருந்து வருவித்தது. 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் ராயல் என்ஃபீல்டு கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து, என்ஃபீல்டு இந்தியாவை நிறுவினர். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்துக் கம்பெனி 1970-இல் மூடப்பட்ட பின்னும், சென்னையில் உற்பத்தி நிற்கவில்லை. அதனாலேயே பழைய புல்லட்டுக்கு உதிரி பாகங்கள் இன்றும் அகப்படுகின்றன. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சி.சி. கையும் பொறுமையும் உள்ளவன் கற்றுக்கொள்ளத் தக்க எளிய யந்திரம்.

எட்டு மாதங்கள் விடுமுறை நாட்களெல்லாம் அதற்கே சென்றன. டேங்கினுள் மண்ணெண்ணெயும் சிறு நட்டுகளும் இட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தேன். கார்புரேட்டரின் ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தேன். பாயிண்டுகளைத் துடைத்து இடைவெளியைச் சரி செய்தேன். இக்காலப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுவதால் பழைய ரப்பர் குழாய்கள் கெடும். ஆகவே அவற்றையும் மாற்றினேன். வண்டி உயிர் பெற்றது. தந்தையார் அதன் ஒலியைக் கேட்டு முறுவலித்தார்.

அத்துடன் நின்றிருக்கலாம். அழகு செய்ய ஆசை பிடித்தது. டேங்கின் பழைய மூடி மங்கியிருந்தது. கம்பத்தில் ஒரு லேத் பட்டறையில் பளபளக்கும் பித்தளை மூடி கடைந்து பொருத்தினேன். பார்த்தவரெல்லாம் புகழ்ந்தனர்.

தந்தையாருக்குக் கண் புரை அறுவைக்காக மதுரையில் நாள் குறிக்கப்பட்டது. கம்பத்தில் பஸ் ஏறுவதற்காக, விடியுமுன் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். வழியில் குறைவு நேரக் கூடாதென்று முன்தினமே டேங்க் நிறையப் பெட்ரோல் இட்டிருந்தேன். சில மைல் சென்றதும் வண்டி இருமி நின்றது. மூடியைத் திறந்து பார்த்தேன், பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு உதைத்தேன்; கிளம்பிற்று. மீண்டும் சில மைல். மீண்டும் அதே கதி. யந்திரம் சூடேறி நிற்கிறது, ஆறியதும் கிளம்புகிறது என்று தப்புக் கணக்குப் போட்டேன். பஸ் போய்விட்டது. ரயில் நேரத்தைப் பிறருக்குச் சொல்வதே தொழிலாகக் கொண்ட நான், சொந்தத் தந்தையின் நேரத்தைத் தவற விட்டேன். அவர் சாலையோரக் கல்லில் அமர்ந்து, “போகட்டும் தம்பி, இன்னொரு நாள் பார்ப்போம்” என்றார். வேறு நாள் கிடைக்க மூன்று வாரமாயிற்று.

வெட்கத்தால் அடுத்து நான் செய்ததும் பிழையே. காயிலை மாற்றினேன், கண்டென்சரை மாற்றினேன், கார்புரேட்டரையும் புதிதாக வாங்கினேன். பணம் போயிற்று, நோய் போகவில்லை. ஒரு மாலை வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது. நான் மூடியைத் திருகித் திறந்தபோது, திண்ணையிலிருந்த தந்தையார் சட்டென்று தலை நிமிர்ந்தார்.

“தம்பி, ‘ஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டதே! டேங்க் மூச்சுக்குத் தவிக்கிறதடா. பழைய மூடியில் ஒரு சிறு துளை இருக்குமே, இதில் இருக்கிறதா?”

இல்லை. பெட்ரோல் இறங்க இறங்க, அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வழியில்லையேல் டேங்கினுள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலைப் பிடித்து நிறுத்திவிடும். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்று குறைவு. தொல்லை விரைவில் வரும். நான் அன்று வழியில் மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்று புகுந்தது. அதனால் வண்டி கிளம்பியது. கண் மங்கிய என் தந்தையார் காதால் கண்டதை, கண்ணிருந்தும் நான் காணவில்லை. அவரைக் கேட்கவுமில்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் கவனிக்க: வண்டி நின்றால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பொறியைச் சோதியுங்கள். யந்திரம் ஆறிய பின், அருகில் நெருப்பில்லாத இடத்தில், குழாயைக் கழற்றிப் பாத்திரத்தில் பெட்ரோலைப் பிடியுங்கள். முதலில் ஒழுங்காக வந்து பின் சுருங்குமாயின், மூடியைத் தளர்த்துங்கள். உடனே பெருகினால் குற்றம் மூடியினுடையது. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுங்கள்.

சட்டமும் நினைவிலிருக்கட்டும். தயாரித்தவர் கொடுத்த விவரங்களுக்கு மாறான மாற்றங்களை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019-இல் இதனை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் பதிவான வண்டியைக் கேரளத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்போர், இங்கே புதிய பதிவெண் பெறுதல் வேண்டும்.

தந்தையாருக்கு அறுவை நன்கு முடிந்தது. பித்தளை மூடி இப்போது அலமாரியில் இருக்கிறது. பழைய மூடி டேங்கில் இருக்கிறது. கட்டுப் பிரித்த நாளில் தந்தையார் முதலில் என் முகத்தைப் பார்த்தார். அடுத்து அந்த மூடியைப் பார்த்துச் சிரித்தார்.

நம் வீடுகளில், மலையேறி வந்து பிழைத்த பெரியவர்கள் பலர் திண்ணையில் மௌனமாக அமர்ந்திருக்கிறார்கள். கடைக்கு ஓடுமுன் அவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள் என்று வேண்டி, இம்மாதம் விடை பெறுகிறேன்.