நுரை சொல்வது பாதிதான்

ராயபுரத்தில் யாராவது வீட்டில் பியர் காய்ச்சினால் கதவைத் தட்டப்போவது போலீஸ். 1937-ல் வந்த மதுவிலக்குச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. டாஸ்மாக்கில் வாங்கிக் குடிக்கலாம். உரிமம் இல்லாமல் அடுப்பங்கரையில் ஒரு லிட்டர்கூடத் தயாரிக்கக் கூடாது. பிரிட்டனில் 1963-லேயே வீட்டில் பியர் தயாரிக்க உரிமம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் அதற்கான மசோதாவில் கையெழுத்துப் போட்டார். வடசென்னையிலிருந்து லண்டனுக்குப் போய்க் குடியேறியவர் இருபது லிட்டர் வாளி வாங்கி வைத்தால் சட்டம் ஒன்றும் கேட்காது. அவர் மனசுதான் மணிக்கொரு தரம் கேட்கும்: “புளிக்க ஆரம்பிச்சுதா, இல்லையா?”

பார்லி மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, சாற்றை வடித்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் தூவி மூடியாயிற்று. மூடியின் மேல் ஏர்லாக் என்கிற சின்னக் குழாய். அதற்குள் கொஞ்சம் தண்ணீர். உள்ளே உண்டாகும் கரியமில வாயு அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ‘பொளக் பொளக்’ என்று வெளியேற வேண்டும். முதல் 12 மணி நேரம், சில சமயம் 24 மணி நேரம், ஒரு சத்தமும் வராது. ஈஸ்ட் அப்போது சாற்றில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு பெருகிக்கொண்டிருக்கிறது. மூன்று நாள் வரை ஆனாலும் ஆகலாம். புதியவருக்கு அவ்வளவு பொறுமை ஏது? மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறார், இன்னொரு பாக்கெட் ஈஸ்ட்டைக் கொட்டுகிறார். வேண்டாத கிருமி உள்ளே போவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

ஏர்லாக்கை நம்பவும் முடியாது. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு ஓரத்திலேயே கசிந்துவிடும்; உள்ளே வேலை மும்முரமாக நடந்தாலும் குழாய் கம்மென்று இருக்கும். அறை சூடேறினாலோ, காற்று விரிந்து, ஒன்றுமே நடக்காத வாளியிலும் குமிழி வரும். இதைவிட நுரை நல்ல சாட்சி. பழுப்புத் திட்டுகளோடு கெட்டியாக எழும்பி ஓரிரு நாள் நின்று அடங்கும். பார்க்கத் தவறியவர்கள் வாளியின் உள்சுவரைப் பார்த்தால் போதும். நுரை ஏறி இறங்கிய இடத்தில் ஒரு அழுக்கு வளையம் காய்ந்து ஒட்டியிருக்கும்.

முடிவான சாட்சி, அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டரின் அண்ணன் தம்பிதான் அது. சர்க்கரை நிறைந்த சாற்றில் 1.050 என்று காட்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன 1.010 பக்கம் இறங்கும்.

கருவி எதுவும் இல்லாமலே இதைப் படித்தவர்கள் ராயபுரத்தில் உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. ரயில்வே வேலையோடு சேர்ந்து வளர்ந்தவை இங்குள்ள ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை எல்லாம் பீங்கான் ஜாடிக்குள் போய்விடும். வாய்க்குத் துணிதான் மூடி. (சட்டத்தின் கண்ணில் இதுவும் குற்றம்தான், ஆனாலும் கேக்கோடு ஒயினும் பல வீடுகளில் வழக்கமாகவே இருந்தது.) ஓரிரு நாளில் வாயு தூக்கிவிட, திராட்சைத் தோலெல்லாம் மேலே வந்து தட்டையாக மிதக்கும். மரக்கரண்டியால் அமுக்கினால் ‘உஸ்’ என்று சீறும். காதை ஜாடியருகே வைத்தால் சன்னமாக இரைச்சல் கேட்கும். அந்த வீட்டுப் பாட்டிகளுக்கு அது போதும்.

சென்னையில் இன்னொரு சங்கடம், வெயில். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கும் பதநீர் காட்டு ஈஸ்ட்டால் சில மணி நேரத்திலேயே நுரைத்துக் கள்ளாகிவிடுகிறது. மே மாதத்து இட்லி மாவு விடிவதற்குள் பாத்திரத்தைத் தாண்டி வழிகிறது. ‘ஏல்’ வகை பியருக்கான ஈஸ்ட்டுகள் பலவற்றுக்கும் 18 முதல் 22 டிகிரி போதும். 32 டிகிரியில் வைத்தால் நாலைந்து மணி நேரத்தில் நுரை பொங்கும். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அந்த அவசரத்தில் பியூசல் எனப்படும் கனமான ஆல்கஹால்களும் கூடச் சேர்ந்து தின்னர் வாடை அடிக்கும். இந்த ஊர்ச் சூட்டில், மெதுவாகத் தொடங்கும் வாளியைவிட உடனே பொங்கும் வாளியைக் கண்டுதான் கவலைப்பட வேண்டும். லண்டனிலும் கோடை வந்துவிட்டால் வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, ஈரத்துணி சுற்றி, மின்விசிறியைத் திருப்பிவிடுகிறார்கள்.

நுரை அடங்கியதுமே வேலை முடிந்ததென்று பாட்டிலில் அடைப்பவர்களும் உண்டு. மிச்சச் சர்க்கரை உள்ளே புளித்து, ராத்திரியில் அலமாரிக்குள் கண்ணாடி வெடிக்கும். இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டுப் பார்த்தும் ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டினால்தான் பழகியவர்கள் பாட்டிலை எடுப்பார்கள். அப்போதும் கண்ணாடிப் பாட்டில்களோடு ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பி வைத்து, அவ்வப்போது கையால் அமுக்கிப் பார்ப்பார்கள். அது கல்லு மாதிரி ஆகிவிட்டால் மொத்தத்தையும் உடனே ஃபிரிட்ஜுக்குள் தள்ள வேண்டியதுதான்.