பட்டிருப்பு எவருடைய கோட்டை?

மட்டக்களப்பைத் தம் கோட்டை என்று மார்தட்டாத கட்சி இல்லை. வென்றவர் கோட்டை காக்கப்பட்டது என்பர். தோற்றவர் கோட்டை விலைபோயிற்று என்பர். வாக்களித்த மக்களோ கோட்டையுமல்லர், விலைப்பொருளுமல்லர். குருக்கள்மடத்தை உள்ளடக்கிய பட்டிருப்புத் தொகுதியின் வாக்கு வரலாறே இதற்குச் சான்று.

எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலுமாக, குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு வாவி கடந்து வாழ்வு நடத்திய மக்களின் தொகுதி இது. காற்றறிந்து தோணி விடுவோர், காலமறிந்து வாக்கிடவும் அறிவர்.

1952இல் சுயேச்சையாக நின்ற எஸ். எம். இராசமாணிக்கத்தை இத்தொகுதி தெரிந்தெடுத்தது. தனிச் சிங்களப் புயல் வீசிய 1956இல், தமிழரசுக் கட்சியின் அபேட்சகராக வந்த அவரையே தோற்கடித்து, எஸ். யூ. எதிர்மன்னசிங்கத்தை அனுப்பியது. 1960இன் இரு தேர்தல்களிலும் 1965இலும் மீண்டும் இராசமாணிக்கத்தை ஏற்றது. 1970இல் நாடெங்கும் ஐக்கிய தேசியக் கட்சி சரிந்து வீழ்ந்தபோது, இங்கே அக்கட்சியின் தம்பிராசா வென்றார்! 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் கணேசலிங்கம் வென்றார்.

இதனைத் தடுமாற்றம் என்பார் சிலர். தடுமாற்றமன்று, தராசு! உரிமை ஒரு தட்டு. உழவனுக்கு நீரும் உரமும், படித்த பிள்ளைக்குத் தொழிலும் மறு தட்டு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறந்தவரை மக்கள் இறக்கினர். குலப்பெருமைக்கும் இங்கு தனிச்சலுகை இல்லை. இராசமாணிக்கத்தின் பேரனாகிய சாணக்கியன், 2015இல் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பில் நின்றபோது தோற்றார். தமிழரசுக் கட்சியில் நின்ற 2020இலும் 2024இலும் வென்றார்.

2024ஐ நோக்குவோம். செப்டெம்பரில் நடந்த சனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரன் இம்மாவட்டத்தின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர். ஆயினும் மாவட்டம் முதலிடத்தைச் சஜித் பிரேமதாசவுக்கும் இரண்டாமிடத்தை ரணில் விக்கிரமசிங்கவுக்கும் அளித்தது. எட்டு வாரங்கள் கழித்து, தேசிய மக்கள் சக்தி 22 தேர்தல் மாவட்டங்களில் 21ஐ வென்றபோது, எஞ்சிய ஒன்றாகிய மட்டக்களப்பில் தமிழரசுக் கட்சி முதலிடம் பெற்றது. கொழும்பில் ஆள்பவர் யார் என்பது ஒரு கேள்வி. நமக்காகப் பேசுபவர் யார் என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் இரு விடை தந்த மக்களைக் குழம்பியவர் என்பது அறியாமை.

ஆனால் வென்றவர் இறுமாப்படைய வேண்டா. 2015இல் 127,185 வாக்குகள், அதாவது பாதிக்கு மேல் பெற்று, தமிழரசுக் கட்சி 3 ஆசனங்களை அடைந்தது. 2020இல் 79,460 வாக்குகளும் 2 ஆசனங்களும் கிடைத்தன. 2024இல் 96,975 வாக்குகள். மூன்றில் ஒரு பங்கே! ஆசனங்களோ மீண்டும் 3. எதிர்வாக்குகள் பல கட்சிகளாகச் சிதறின. முதலிடம் பெற்ற கட்சிக்குரிய மேலதிக ஆசனமும் துணை நின்றது. ஆசனக் கணக்கைப் பார்ப்பவர் மகிழலாம். வாக்குக் கணக்கைப் பார்ப்பவர் விழித்துக்கொள்வார். அரசின் பக்கம் நின்றவர்க்கும் இதில் பாடமுண்டு. 2020இல் பொதுசன பெரமுனவும் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியும் இங்கு ஆளுக்கோர் ஆசனம் பெற்றன. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்து வயலை வாடவிட்ட ஆட்சியின் பின், 2024இல் இரண்டும் அவற்றை இழந்தன.

இன்னொரு குறையும் உண்டு. 1989 முதல் விகிதாசார முறையில் மாவட்டம் முழுவதற்குமே உறுப்பினர்கள் தெரிவாகின்றனர். பட்டிருப்புக்கென ஒருவர் இல்லை. எல்லார்க்கும் பொதுவானவர் எவர்க்கும் பொறுப்பில்லாதவராய்ப் போவது எளிது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பால் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் அறப்போர் தொடங்கினர். 2017இல் காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்கு, 2024 முடிந்த பின்னரும் தேர்தல் வரவில்லை. இவற்றுக்கு விடை கேட்பது யாரிடம்?

ஆகவே நாம் வேண்டுவது ஒன்றே. பெரும்போக அறுவடை முடிந்ததும் ஒருமுறை, சிறுபோகம் முடிந்ததும் ஒருமுறை, மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர் அனைவரும் பட்டிருப்புக்கு வந்து பொதுமேடையில் கணக்குக் காட்டுதல் வேண்டும். உத்தியோகத்தர் ஏட்டுடனும் உழவர் வயற்கணக்குடனும் எதிரே அமர்ந்து கேட்டல் வேண்டும். போடியார் வயலை ஒப்படைப்பது விளைச்சலுக்கே. உறுதி எழுதிக் கொடுத்துவிடுவதன்று. வாக்கும் அத்தகையதே. விளைச்சல் காட்டாதவரிடமிருந்து வயலைத் திரும்பப் பெறப் பட்டிருப்பு அறியும். 1956இலும் 1970இலும் அதனைச் செய்தும் காட்டியது.