விசிலும் விசாவும்

2025 செப்டம்பரில் டிரம்ப் அரசு 'ஆபரேஷன் மிட்வே பிளிட்ஸ்' என்ற பெயரில் சிகாகோவில் கைது வேட்டையைத் தொடங்கியது. மெக்சிகோ வம்சாவளி மக்கள் அதிகம் வாழும் லிட்டில் வில்லேஜ் பகுதியில் பலரது கழுத்தில் விசில் தொங்கத் தொடங்கியது. விட்டுவிட்டு ஊதினால் குடியேற்ற அதிகாரிகள் அருகில் இருக்கிறார்கள் என்று பொருள். நீட்டி ஊதினால் யாரையோ பிடிக்கிறார்கள்.

மாணவர் விசாவில் இருக்கும் ஆய்வு மாணவன் நான். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நானும் விசிலோடு தெருமுனையில் நின்றேன். செய்தி தெரிந்ததும் புறநகரில் இருக்கும் தமிழ் அண்ணன் ஒருவர் போன் செய்தார்: "தம்பி, நாம லீகலா வந்தவங்க. நமக்கெதுக்குப்பா இந்த வம்பு?"

அவருடைய பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். எனக்கும் அது உண்டு. பிராட்வியூ தடுப்பு மையத்தின் வாசலில் கண்ணீர்ப்புகை வீசப்பட்ட நாட்களில் நான் அங்கே போகவில்லை. கைதானால் படிப்பே முடிந்துவிடும். ஆனால் அவர் சொன்ன 'நாம' என்ற சொல்தான் உறுத்துகிறது.

இடஒதுக்கீட்டில் படித்து வந்தவன் நான். "நாங்கள் தகுதியில் வந்தோம்" என்ற பேச்சை ஊரிலேயே கேட்டிருக்கிறேன். "சட்டப்படி வந்தோம்" என்பது அதன் அமெரிக்கப் பதிப்பு. விசாவுக்குப் பட்டம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், வங்கியில் பணம் வேண்டும். இவை யார் வீட்டில் தலைமுறைகளாகச் சேர்ந்தன என்று நமக்குத் தெரியாதா?

இந்தப் பேச்சுக்கு இங்கே ஒரு பழைய வரலாறு உண்டு. வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே இங்கு குடியுரிமை கோரும் உரிமை இருந்த காலத்தில், பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் நீதிமன்றம் போனார். தான் உயர்சாதி ஆரியர், ஆகவே வெள்ளையர் என்பது அவர் தரப்பு வாதம். இனவெறிச் சட்டத்தை அவர் எதிர்க்கவில்லை. அதற்குள் தனக்கு ஓர் இடம் கேட்டார். 1923இல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரும் அதை இழந்தார்கள். சாதி அவர்களைக் காப்பாற்றவில்லை.

கதவு அகலத் திறந்தது 1965இல். நாடுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் உருவாக்கிய அரசியல் சூழலில் பிறந்தது. அண்ணனின் 'லீகல்' அவர்கள் அடி வாங்கிப் பெற்றதன் மிச்சம்.

2025 பிப்ரவரியில் 104 இந்தியர்களை விலங்கிட்டு, ராணுவ விமானத்தில் கொண்டுவந்து அமிர்தசரசில் இறக்கினார்கள். அவர்கள் 'நாம'வில் சேர்த்தியா இல்லையா? இந்த வேட்டையில் அமெரிக்கக் குடிமக்களும் பிடிபட்டார்கள். நிறத்தையும் பேசும் மொழியையும் பார்த்துத் தெருவில் நிறுத்துபவன், உங்கள் விசாவை அப்புறம்தான் கேட்பான்.

விசாவில் இருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. செய்வதற்கு வேறு வேலைகள் இருக்கின்றன. வெளியே வர அஞ்சும் குடும்பத்துக்கு மளிகை வாங்கிக் கொடுக்கலாம். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வீடுவரை கூட்டிப்போகலாம். தெருவில் தமாலே விற்கும் அம்மாவிடம் மொத்தத்தையும் வாங்கி, அவரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பலாம். சிகாகோவில் சைக்கிள் ஓட்டும் இளைஞர்கள் இதைச் செய்தார்கள்.

எதுவும் முடியாவிட்டால், "நாங்கள் அவர்களைப் போல இல்லை" என்று மட்டுமாவது சொல்லாதீர்கள். திந்த் தரப்பு சொன்னதும் அதைத்தான்.