வேசோன் பாலமும் ஒரு சின்னக் கோபமும்

பிரான்ஸின் தென்கிழக்கே வேசோன்-லா-ரோமேன் என்று ஒரு குட்டி ஊர். மக்கள்தொகை சுமார் 6000 தான். ரயில் கிடையாது. ஒராஞ்ஜ் என்ற ஊரில் இறங்கி (ஆமாம், பழத்துக்கும் அங்கே அதே பேர்தான்!) பஸ் பிடிக்க வேண்டும். வழியெல்லாம் திராட்சைத் தோட்டம்.

'ரோமேன்' என்ற வால் 1924-ல்தான் ஒட்டிக்கொண்டதாம். 1907-ல் சோத்தெல் என்ற பாதிரியார் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார். பல வருஷம் விடாமல் தோண்டினார். தெருக்கள், கடைகள், பணக்காரர்களின் பெரிய பெரிய வீடுகள், சுமார் 6000 பேர் உட்காரும் அரங்கம் எல்லாம் வெளியே வந்தன. ஒரு காலத்து அரங்கத்துக்குள் இன்றைய ஊரையே உட்கார வைத்துவிடலாம்! தோண்டியது சுமார் 15 ஹெக்டேர். மிச்ச ரோமாபுரி இப்போதுள்ள வீடுகளுக்கும் கடைகளுக்கும் அடியில் தூங்குகிறது.

புய்மேன், வில்லாஸ் இரண்டு பகுதிகளையும் சுற்றினேன். பொதுக் கழிப்பறையில் வரிசையாகக் கல் இருக்கைகள், நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே காரியத்தை முடித்திருப்பார்கள் போல :-)

ஆனால் நான் எழுத வந்தது இதைப் பற்றி இல்லை. உவேஸ் ஆற்றின் மேல் இருக்கும் பாலத்தைப் பற்றி.

கி.பி. முதல் நூற்றாண்டில் கட்டியது. ஒரே ஒரு வளைவு, அகலம் சுமார் 17 மீட்டர். இன்றும் அதன் மேல் கார் போகிறது. நான் போனபோது கீழே முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லை. இந்த ஓடைக்கா இவ்வளவு உயரத்தில் பாலம் என்று சிரிப்புதான் வந்தது.

1992 செப்டம்பர் 22 அன்று இந்த ஓடை அந்தப் பாலத்துக்கு மேலேயே ஏறி ஓடியது. மலைகளில் சில மணி நேரம் கொட்டிய மழைதான் காரணம். ஊரில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கரையில் இருந்த வீடுகள், கூடாரமடித்துத் தங்கும் முகாம் எல்லாம் அடித்துக்கொண்டு போயின. பாலத்துக்கு மட்டும் கைப்பிடிச் சுவரோடு சரி. அதையும் பிறகு கட்டிவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பார்த்தியா, அந்தக் காலத்து வேலைப்பாடு!" எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

பாலம் நின்றதற்கு ரோமானியர்களின் கைராசி காரணம் இல்லை. அவர்கள் கட்டியதில் முக்கால்வாசி இன்று முழங்கால் உயரச் சுவர்தான், அதைத்தானே டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். பாலம் நின்றதற்குக் காரணம் இடம். ஆறு குறுகும் இடம் பார்த்து, இரண்டு பக்கமும் பாறையில் ஊன்றி, தண்ணீருக்குள் ஒரு தூண்கூட வைக்காமல் கட்டினார்கள். அங்கே ஆற்றை மறிக்க எதுவும் இல்லை.

முகாம் போனதற்கும் காரணம் இடம்தான். கூடாரம் என்ன, எவ்வளவு கெட்டியான வீடாக இருந்தாலும் வெள்ளம் பரவும் சமவெளியில் இருந்தால் அதே கதிதான். இத்தனைக்கும் 1616-லேயே ஒரு பெரிய வெள்ளம் வந்திருக்கிறது. ஆறு முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருந்தது. நடுவில் சில தலைமுறைகள் அமைதியாக ஓடியதும் நமக்கு மறந்துவிட்டது. காலி நிலமாகத் தெரிந்தது, மனை போட்டோம்.

எதிர்க்கரையில் பாறை மேல் ஒரு பழைய ஊர் இருக்கிறது. 12-ம் நூற்றாண்டின் கடைசியில் துலூஸ் பிரபு மேலே கோட்டை கட்ட, மக்களும் பின்னாலேயே ஏறினார்கள். அவர்கள் பயந்தது மனிதர்களுக்கு. காலம் அமைதியானதும் வசதிக்காக மறுபடி கீழே இறங்கிவிட்டார்கள். அது தப்பில்லை. எல்லோரும் பாறை மேலேயே வாழ முடியாது. ஆனால் கீழே இறங்கும்போது ஆற்றுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று யாராவது கணக்குப் பார்த்திருக்க வேண்டாமா?

அதனால் என் கட்சி இது. முன்னோர் பெருமை பேசுவது சுலபம், செலவும் இல்லை. ஆற்றங்கரையில் கட்டாதே என்று நிலத்துக்காரரிடமும் வாங்குபவரிடமும் சொல்வதுதான் கஷ்டம். பாலத்தைப் புகழ்ந்துவிட்டு அதன் பாடத்தை விட்டுவிட்டால் என்ன பிரயோசனம்?

வேசோன் போனால் இடிபாடுகளை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். மிச்ச நேரம் பாலத்தின் மேல் நின்று கீழே பாருங்கள். தண்ணீர் எங்கேயோ கிடக்கும். அது நீங்கள் நிற்கும் இடத்துக்கு மேலே ஓடியது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

எனக்கு அப்புறம் சிரிப்பு வரவில்லை.