‘பெரட்டு’ தமிழ்ச் சொல்லா?

“விடிய எழும்பினவுடன ஃபோனில பச்சைப் பெட்டி, மஞ்சள் பெட்டி அனுப்பி விளையாடுறதுதான் உங்கட தமிழ் ஆர்வமா?” என்று எங்களைக் கேட்கிறார்கள். ஓம், அதுதான். நாங்கள் தமிழை வளர்க்கிறோம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தமிழ் வளர்க்கிற ஆக்கள் வேறை இருக்கினம். அவைக்கு மேடை, மைக், பொன்னாடை எல்லாம் இருக்கு. எங்களிடம் இருப்பது ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு நாளைக்கு ஒரு சொல், தோற்றவருக்குத் தண்டனையாக ஒரு குறும்பா. அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன விளையாட்டுக்குள் ஒரு பெரிய கேள்வி வந்து மாட்டிக்கொண்டது: எது சொல், எது சொல் இல்லை, அதை ஆர் தீர்மானிக்கிறது?

விளையாட்டு வந்த கதை பலருக்கும் தெரியும். ஜோஷ் வார்டில் என்பவர், சொல் விளையாட்டில் பைத்தியமாக இருந்த தன் துணைக்காகச் செய்த வேர்டில், 2021 ஒக்ரோபரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 2022 ஜனவரி முடிய முதல் நியூயோர்க் ரைம்ஸ் அதை வாங்கிவிட்டது. அந்த வருசம் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று சொல்லத் தேவையில்லை. காஸ் வரிசை, பெற்றோல் வரிசை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. வரிசையில் நிற்கும்போது டேட்டாவும் பற்றரியும் தின்னாத ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எல்லாவற்றையும் முடக்கின அன்றும் எங்கட சொல் எஸ்எம்எஸ்ஸில் போனது. நிறத்துக்குப் பதிலாக ‘ப’, ‘ம’ என்று எழுதி அனுப்பினோம்.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, ஐந்து பெட்டி. எங்களுக்கு 247 எழுத்து. அதனால் நாலு பெட்டியோடு நிற்கிறோம். ‘கொழுந்து’ எங்களுக்கு நாலு எழுத்து; யூனிகோட் அதை எட்டாக எண்ணும், அது கணினியின் பிரச்சினை. எழுத்தும் இடமும் சரி என்றால் பச்சை, எழுத்து இருக்கு ஆனால் இடம் பிழை என்றால் மஞ்சள். மெய் சரி, உயிர் பிழை என்றால் ஊதா. இந்த ஊதா இல்லாமல் தமிழில் விளையாடவே ஏலாது, நம்புங்கோ. குழு முழுக்க ஒன்பது பேர்: யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, அக்கரைப்பற்று, ஹட்டன், ஒருத்தி ஸ்காபரோவில். ஒவ்வொரு நாளும் ஒராள் சொல் வைப்பார், மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஆறு தரம்.

ஒருநாள் ஹட்டன் தோழியின் முறை. முதல் ஆள் ‘விரட்டு’ என்று போட, கடைசி மூன்று பெட்டியும் பச்சை. இண்டைக்கு வெண்டாச்சு என்று எல்லோருக்கும் சந்தோசம். ‘மிரட்டு’, இல்லை. ‘திரட்டு’, இல்லை. ‘புரட்டு’, முதல் பெட்டி ஊதா. அப்ப ‘பிரட்டு’. அதுவும் ஊதா. ஆறாவதாக ஒருத்தன் ‘பரட்டு’ என்று இல்லாத ஒரு சொல்லையும் போட்டுப் பார்த்தான். விடை: பெரட்டு.

“அப்பிடியொரு சொல்லு இருக்கா?” என்று கேட்டபோது அவள் குரல் பதிவு ஒன்று போட்டாள். “எங்க தோட்டத்துல காலையில ஆளுங்க பேர் பதிஞ்சு, இன்னைக்கு எந்த மலைன்னு பிரிச்சு விடுறது. பெரட்டுக்குப் போகலைன்னா அன்னைக்கு வேலை இல்ல.” உடனே யாழ்ப்பாணத்துக்காரன் ஒருத்தன்: “அது ‘பரேட்’ எண்ட இங்கிலீசுச் சொல் மருவினது. கணக்கில எடுக்கேலாது.” அதற்கு அவள்: “அப்ப நீங்க கதிரையில உக்காந்து பாண் சாப்பிடுறீங்களே, அது மட்டும் தமிழா?”

குழு கொஞ்ச நேரம் அமைதி.

அவள் சொன்னது முழுக்க உண்மை. கதிரை, பாண், அலுமாரி, யன்னல், சப்பாத்து, அலவாங்கு எல்லாம் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தவர்கள் 1658இல் ஒல்லாந்தரிடம் தோற்றுப் போய்விட்டார்கள். கதிரை போகவில்லை. அதுக்குப் பிறகு வந்த ஒல்லாந்தர் எங்களுக்குக் கக்கூசைத் தந்துவிட்டுப் போனார்கள். இவற்றையெல்லாம் ‘எங்கட தமிழ்’ என்று பெருமையாகச் சொல்கிறோம். தமிழ்நாட்டுக்காரருக்கு ‘கதிரை’ விளங்காவிட்டால் அதிலும் ஒரு சந்தோசம். ஆனால் தோட்டத்திலிருந்து ஒரு சொல் வந்தால் மட்டும் பிறப்பத்தாட்சி கேட்கிறோம்.

‘தோட்டக்காட்டுத் தமிழ்’ என்று எத்தனை வீடுகளில் இளக்காரமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மலையக மக்கள் வந்து 200 வருசம் என்று 2023இல் எல்லோரும் பதிவு போட்டோம், படம் மாற்றினோம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தச் சனத்திடம் கேட்டதும் இதே கேள்விதான்: உன்ர தகப்பன் எங்க பிறந்தவர், பாட்டன் எங்க பிறந்தவர், அத்தாட்சி எங்கே? ஒரு விளையாட்டுச் சண்டையை அந்தச் சட்டத்தோடு ஒப்பிடுவது கூடிப்போச்சு என்று குழுவிலேயே இரண்டு பேர் சொன்னார்கள். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. வெளியே தள்ளுகிற பழக்கம் சட்டப் புத்தகத்தில் மட்டும் இருப்பதில்லை, காலைமை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பிலும் இருக்கு.

அகராதியை நடுவராக வைப்போம் என்று ஒரு யோசனை வந்தது. அகராதியில் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்களுக்கு ஒரு அனுபவமும் உண்டு. ஃபோனில் ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டை இறக்கிப் பார்த்தோம். நாற்காலியை ஏற்றுக்கொண்டது, கதிரையைத் துப்பிவிட்டது. ‘சொல் பட்டியலில் இல்லை’ என்று சிவப்பில் வரும்போது கோபம் வந்ததா இல்லையா? பெரட்டுக்குக் ‘கணக்கில எடுக்கேலாது’ என்று சொன்னவனுக்குத்தான் அன்றைக்கு ஆகக் கூடின கோபம்.

பிறகு இன்னொரு யோசனை: மூன்று வீட்டில் புழங்கினால் அது சொல். கேட்க நியாயமாக இருந்தது. ஹட்டன் தோழி ஒரே வரியில் அதையும் முடித்துவிட்டாள்: “குழுவுல எங்க ஆளு நான் ஒருத்திதான். மூணு வீட்டுக்கு நான் எங்க போறது?” அக்கரைப்பற்று நண்பனும் அவளோடு சேர்ந்துகொண்டான். அவன் வீட்டு ‘ராத்தா’வுக்கும் இதே நிலைமைதான். பெரும்பான்மை என்றால் என்ன நடக்கும் என்று இந்த நாட்டில் எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. எண்ணிக்கையை விட்டோம். இப்போதைய விதி: சொல் வைக்கிறவர், அந்தச் சொல் வீட்டில் எப்படி வருமோ அப்படி ஒரு வசனம் சொல்லிக் குரல் பதிவு போடவேண்டும். வசனம் நிண்டா சொல் நிக்கும். ஒரு வீடு போதும். மட்டக்களப்பின் ‘மறுகா’வுக்கு ஒரு பெட்டி குறையுது, அந்தக் கவலை வேறை.

குறும்பா பற்றியும் சொல்லவேண்டும். ஆறாவது தரம் பிழைத்தவர் அன்றைய சொல்லையோ அதன் எதுகையையோ வைத்து இரவுக்குள் ஒன்று எழுதவேண்டும். ‘பரட்டு’க்காரன் எழுதியது இது:

விடியவே தொடங்கினான்: “மிரட்டு,
விரட்டு”, பின் “திரட்டு”, பின் “புரட்டு”;
“என்னடா சத்தம்?
எருமைக்குப் பித்தம்!
எழும்படா, பாயைச் சுருட்டு!”

இலக்கியமா என்று கேட்டால் சிரிப்போம். ஆனால் இந்த வடிவம் எங்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. ஆங்கில லிமரிக்கின் ஐந்து வரியைத் தமிழ் ஓசைக்குள் கொண்டுவந்து குறும்பா என்று நிலைநிறுத்தியவர் அளவெட்டியில் பிறந்த மஹாகவி. ‘மஹாகவியின் குறும்பா’ 1966இல் வந்தது. ‘தேரும் திங்களும்’ எழுதின அதே கைதான் இதையும் எழுதியது. மேடைகளில் முன்னதைத்தான் சொல்வார்கள். பின்னதைச் சொன்னால் ஏதோ கவிஞர் ஓய்வுநேரத்தில் செய்த குறும்பு என்கிற மாதிரி ஒரு முகம். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊரின் பொய் முகத்தைக் கிண்டலடிக்க ஐந்து வரி தாராளமாகப் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. (சிலேடையும் மாலைமாற்றும் எங்கட மரபுதானே என்று சொல்லி எங்களைக் காப்பாற்ற வருகிறவர்களுக்கு நன்றி. மரபு இல்லாவிட்டாலும் விளையாடுவம்.)

பள்ளிக்கூடத்தில் தமிழ் என்றால் புள்ளி. வீட்டுக்கு வெளியே தமிழ் என்றால் பெருமை, இல்லாவிட்டால் பயம். பிழைவிட்டு, சிரித்து, திருப்பி எழுத ஒரு இடம் எங்களுக்கு வேறெங்கும் இருக்கவில்லை. ஸ்காபரோவில் இருப்பவள் தமிழில் ஒரு வரி எழுதப் பயந்த ஆள். இன்றைக்குக் குழுவில் ஆகக் கூடக் குறும்பா அவளுடையது. தண்டனையால்தான், திறமையால் இல்லை என்று அவளே சொல்கிறாள்.

இந்தக் கிழமைச் சண்டை ‘ரியூசன்’. நாலு எழுத்து, எல்லா வீட்டிலும் இருக்கு, குரல் பதிவும் வந்தாச்சு: “ரியூசனுக்குப் போகேல்லையெண்டா அம்மா கொல்லுவா.” ஆனால் முதல் பெட்டியில் யாழ்ப்பாணத்தார் ‘ரி’ என்கிறார்கள், ஹட்டனும் அக்கரைப்பற்றும் ‘டி’ என்று நிற்கின்றன. குரலைக் கேட்டு எழுத்தைத் தீர்மானிக்க ஏலாது. விதியில் இப்படி ஒரு ஓட்டை இருப்பது எங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு இதுக்கு ஒரு கூட்டம் வைத்திருக்கிறோம்.